சிவப்பு விளக்கும் மூன்று கொட்டேஷனும்

கார் வைத்திருக்கும் நண்பர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். சாவியைத் திருப்பியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று எரியும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடும். அது அணையாவிட்டால், அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எரிந்தால், என்ன அர்த்தம் என்பதை எழுபத்தைந்து வயதில்தான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத இன்னொரு பழைய விஷயமும் கூடவே வருகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன ஆவணியில் திண்டிவனத்தில் என் மைத்துனர் பேத்திக்குக் காதணி விழா. எங்கள் வீடு விழுப்புரத்தில். நாற்பது கிலோமீட்டருக்குள்தான் தூரம். "பஸ்ஸிலேயே போயிடலாங்க" என்று என் மனைவி சொன்னாள். சீர்த்தட்டு, பழக்கூடை எல்லாம் வைத்துக்கொண்டு பஸ்ஸில் எப்படி ஏறுவது என்று நான் காரை எடுத்தேன். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு இருட்டில் ஓட்டமாட்டேன் என்று சென்னையில் இருக்கும் மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆறு மணிக்குள் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு.

இதற்கு இரண்டு வாரம் முன்பே அந்தச் சிவப்பு விளக்கு கண்ணடிக்க ஆரம்பித்திருந்தது. மார்க்கெட்டுக்குப் போகும்போது லேசாக எரியும், ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைந்துவிடும். ஒரு பேட்டரி கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பையன் விளக்கைப் பார்த்தான், பேட்டரியைப் பார்த்தான், "பேட்டரி வீக்காயிடுச்சு சார், மாத்திடுங்க" என்றான். பழையதைக் கழித்துக்கொண்டு நாலாயிரத்துச் சொச்சம் வாங்கினார்கள். ஒரு நாள் நன்றாக இருந்தது. மறுநாள் மறுபடி கண்ணடித்தது. "என்னங்க, சரியாயிடுச்சா?" என்று மனைவி கேட்டபோது "புதுசு போட்டாச்சே, இனிமே என்ன" என்றேன். நாலாயிரம் ரூபாயைத் தண்டமாகக் கொடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. வேறொன்றுமில்லை.

பேட்டரி படம் போட்டிருப்பதால்தான் இந்தக் குழப்பம். பேட்டரி கரண்டைச் சேர்த்துவைக்கிற பானை, அவ்வளவுதான். வண்டி ஓடும்போது பானையை நிரப்புவது ஆல்டர்னேட்டர். அதை எஞ்சின் ஒரு பெல்ட் மூலமாகச் சுற்றுகிறது. அந்தக் காலத்து அம்பாசிடர், ஃபியட் வண்டிகளில் இதே வேலையை டைனமோ செய்தது. விளக்கின் சூட்சுமம் ரொம்ப எளிது. விளக்கின் ஒரு கால் பேட்டரிப் பக்கம், இன்னொரு கால் ஆல்டர்னேட்டர் பக்கம். எஞ்சின் ஓடாதபோது ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் ஒன்றுமில்லை. எனவே கரண்ட் ஓடி விளக்கு எரியும். ஆல்டர்னேட்டர் வேலை செய்ய ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். மேடு பள்ளம் இல்லாவிட்டால் தண்ணீர் ஓடாதல்லவா, அதுபோல விளக்கு அணைந்துவிடும். இப்போதைய வண்டிகளில் ரெகுலேட்டருக்குள் இருக்கும் சின்ன சில்லு ஒன்று இந்த வேலையைப் பார்க்கிறது. சேதி அதேதான். ஆகவே விளக்கு எரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நிரப்புகிறவனை. பானையை அப்புறம் பார்க்கலாம். சாவியைத் திருப்பும்போது விளக்கு எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். பல்பு போயிருக்கும், அல்லது ஒயர் அறுந்திருக்கும். அப்போது உங்களுக்கு எச்சரிக்க ஆளே இல்லை.

பேட்டரியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் எங்கள் வகுப்பில் பௌதிகம் பிரெஞ்சில்தான் நடந்தது. ஈயப் பேட்டரியை 1859ல் கண்டுபிடித்தவர் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் என்பதை எங்கள் வாத்தியார் ஏதோ தன் பெரியப்பா சொத்துபோலச் சொல்லுவார். இரண்டு ஈயத் தகடு, நடுவில் ரப்பர் பட்டை, பாய் மாதிரிச் சுருட்டி கந்தக அமிலத்தில் வைத்தார். 166 வருடம் ஆகியும் நம் காருக்குள் இருப்பது அடிப்படையில் அதே ஈயமும் அதே அமிலமும்தான். இவ்வளவு தெரிந்தும் கடைப் பையன் சொன்னதும் பணத்தை எடுத்துக் கொடுத்தேன் பாருங்கள்.

விழாவுக்கு வருவோம். பந்தி, போட்டோ, மொய் எழுதுவது, சொந்தக்காரர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு கிளம்புவது என்று ஏழு மணி ஆகிவிட்டது. நன்றாக இருட்டிவிட்டது. மைத்துனர் "ராத்திரி தங்கிட்டுப் போங்க மாமா" என்றார். நான் கேட்கவில்லை.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் விளக்கு எரிந்தது. கண்ணடிக்கவில்லை, நிலையாக எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தும் அணையவில்லை.

"அது என்னங்க செவப்பா எரியுது?"

"ஒண்ணுமில்லம்மா."

"புது பேட்டரி போட்டீங்களே?"

பதில் சொல்லாமல் ஓரமாக வெளிச்சம் இருந்த ஒரு டீக்கடைப் பக்கம் ஒதுக்கினேன். எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி செல்ஃப் எடுக்க நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதைக் கொடுக்க பேட்டரியில் தெம்பு இருக்குமோ இருக்காதோ. வேட்டியை மடித்து இறுக்கிக்கொண்டு பானெட்டைத் திறந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். பெல்ட் அறுந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. என் வண்டி மாதிரிப் பல வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது. எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போய்விடும், அப்புறம் செலவு ஆயிரக்கணக்கில். பெல்ட் இருந்தது, சுற்றிக்கொண்டும் இருந்தது. ஹீட் முள்ளும் நடுவில்தான் நின்றது. ஆக, கரண்ட் வரவு மட்டும்தான் நின்றுவிட்டது. இருப்பை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

கிளார்க் புத்தி உடனே கணக்குப் போட ஆரம்பித்தது. (இன்றைக்கும் மனக்கணக்கு எனக்குப் பிரெஞ்சில்தான் வரும்.) ஹெட்லைட் இரண்டும் 60 வாட் என்றால் 120 வாட். 12ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். பெட்ரோல் பம்ப், இக்னிஷன், பின்விளக்கு எல்லாம் சேர்த்து இன்னொரு பத்து வைத்துக்கொள்வோம். பேட்டரி 35 ஆம்பியர் ஹவர். முழுசாக நிரம்பியிருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். இரண்டு வாரமாகச் சரியாக நிரம்பாத பேட்டரி என்பதால் பாதியாவது தள்ளுபடி. வீடு போய்ச் சேர அரை மணி நேரம் போதும். வரவு செலவு தட்டிப்போகவில்லை. ஏசி, பாட்டு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

மனைவியிடம் அப்போதுதான் சொன்னேன், விளக்கு இரண்டு வாரமாகவே எரிகிறது, பேட்டரி மாற்றியதில் பலனில்லை என்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மடியில் இருந்த தாம்பூலப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது வருடக் குடித்தனத்தில் திட்டு வாங்குவதைவிட இது கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியும்.

கணக்கு காகிதத்தில் சரி. விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நின்று நின்று நகர்ந்ததில் பத்து நிமிடம் போயிற்று. முன்னால் நின்ற வண்டியின் முதுகில் என் ஹெட்லைட் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளையாக இருந்த வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு அகல்விளக்கு நிறத்துக்கு வந்தது. டோலைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் ஸ்டியரிங் திடீரென்று கனத்தது. மோட்டார் வைத்த ஸ்டியரிங் அது. வோல்டேஜ் குறைந்தால் முதலில் கைவிடுவது அதுதான். பின்னால் லாரிகள். என் பின்விளக்கு அவர்களுக்குத் தெரிகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

அந்த நேரத்தில்தான் கிளியனூர் ஞாபகம் வந்தது.

1981. புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் எல்.டி.சி. வாகன ரிப்பேர் பில்களைப் பார்ப்பது என் சீட்டு. அலுவலக ஜீப்புக்கு ஒரு டிரைவர் இருந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வண்டி ஓட்டியவர், பழைய ஆட்கள் அவரை ஷொஃபேர் என்றுதான் கூப்பிடுவார்கள். அலுவலகத்தில் அவருக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சைப் பேச என்னை விட்டால் ஆள் கிடையாது. அவரைவிட இருபது வயது சின்னவன் என்னை "முசியே" என்பார். நான் அவரை "அண்ணே" என்பேன்.

ஐப்பசி மழை ஆரம்பித்த சமயம். ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, "முசியே, தெமுவேன் அணையமாட்டேங்குது" என்றார். இந்தச் சிவப்பு விளக்கை இங்கிலீஷ்காரன் எச்சரிக்கை விளக்கு என்கிறான். பிரெஞ்சில் அதற்குப் பெயர் தெமுவேன். சாட்சி என்று அர்த்தம். டைனமோவில் கார்பன் தேய்ந்துவிட்டது, கட்-அவுட்டும் சரியில்லை, மெக்கானிக் 180 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார் என்று ஒரு சீட்டை நீட்டினார்.

டைனமோ வண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ போதுமான கரண்ட் கொடுக்காது, விளக்கு லேசாக எரியும். வேகம் எடுத்தால் அணையும். அதனால் அந்தக் காலத்தில் எல்லோருக்குமே அந்த விளக்கு பழகிப்போன விஷயம். "அது எரிஞ்சிக்கிட்டுதான் இருக்கும்" என்று சூப்பரின்டெண்டென்டும் சொன்னார். ஆனால் டிரைவர் சொன்னது அணைவதே இல்லை என்று. அந்த வித்தியாசம் எனக்குப் புரிந்தது. புரிந்தும் என்ன செய்தேன் தெரியுமா? எஸ்டிமேட்டின் மேல், "மூன்று கொட்டேஷன் இணைத்துச் சமர்ப்பிக்கவும்" என்று இங்கிலீஷில் எழுதித் திருப்பினேன்.

ஏன் என்று இப்போது சொல்லலாம். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இங்கிலீஷில் நோட் எழுத வராது. சேர்ந்த புதிதில் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசை பிரெஞ்சு முறையில் புள்ளிக்குப் பதில் கமா போட்டு எழுதி, செக்‌ஷன் முழுக்க ஒரு வாரம் சிரித்தது. அந்த அவமானத்தில் ரூல் புத்தகத்தை உருப்போட்டேன். மூன்று கொட்டேஷன் வாக்கியம்தான் நான் பிழையில்லாமல் எழுதக் கற்ற முதல் இங்கிலீஷ் வாக்கியம். அதை எழுதும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கொஞ்சம் பெருமை. சில்லறைச் செலவில் போட்டிருக்கலாம். அதிகாரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் கையெழுத்துப் போட்டிருப்பார். சொல்லவில்லை.

டிரைவர் இன்னும் இரண்டு தடவை வந்தார். இரண்டாவது கொட்டேஷன் வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கடைக்காரர் ஊரில் இல்லை என்றார். "வரட்டும், மொத்தமா வைங்க அண்ணே" என்றேன்.

அடுத்த வாரம் அதிகாரியைத் திண்டிவனத்துக்கு அழைத்துப்போய்விட்டுத் திரும்பும்போது கிளியனூர் பக்கம் ராத்திரியில் ஜீப் நின்றுவிட்டது. பேட்டரியில் ஒரு சொட்டுக் கரண்ட் இல்லை. அதிகாரியைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அரசாங்க வண்டியை விட்டுவிட்டு வரக்கூடாது என்று இவர் மட்டும் ஜீப்பிலேயே தங்கினார். பார்க்கிங் விளக்கு போடக்கூட வழியில்லை. புளியங்கிளையை ஒடித்து வண்டிக்குப் பின்னால் ரோட்டில் போட்டுவைத்தார். மழையில் அந்தக் கிளை ஒரு லாரிக்காரர் கண்ணில் படவில்லை. பின்னால் மோதியதில் இவருக்குக் காறை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க அதற்கப்புறம் அவரால் முடியவே இல்லை. ஜீப் ஓட்டுவதை விட்டுவிட்டு, ஓய்வு பெறும்வரை தபால் கொண்டுபோகும் வேலையில் இருந்தார்.

அவருடைய மருத்துவ விடுப்பு ஃபைலும் என் சீட்டுக்குத்தான் வந்தது. அதில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ரிப்பேர் ஃபைலிலும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவரே, "நீங்க என்ன பண்ணுவீங்க முசியே, ரூலு" என்றார். குத்திக்காட்டிச் சொன்னாரா, நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்று நாற்பத்துநான்கு வருடமாக யோசிக்கிறேன். அவர் காலமாகியும் இருபது வருடம் ஆகிறது. என் மனைவிக்குக்கூட இதை நான் சொன்னதில்லை.

விக்கிரவாண்டியில் ரோட்டோரமாக ஒரு பெரிய ஓட்டல், வாசல் முழுக்க வெளிச்சம். கணக்குப்படி வீட்டுக்கு இன்னும் கால் மணி நேரம்தான். கணக்கை விட்டுவிட்டு வண்டியை உள்ளே திருப்பினேன். நிறுத்தி சாவியை எடுத்தேன். சும்மா பார்ப்போமே என்று மறுபடி செல்ஃப் போட்டால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வந்தது.

காபி சொல்லிவிட்டு மகனுக்குப் போன் செய்தேன். இருட்டில் ஓட்டியது, விளக்கு எரிந்தது, மறைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மா சாப்ட்டாங்களாப்பா?" என்று மட்டும் கேட்டான். ஓட்டல் மேனேஜரிடம் சொல்லி வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் விழுப்புரம் வந்தோம். பஸ்ஸில் கிளியனூர் கதையை மனைவியிடம் சொன்னேன். முண்டியம்பாக்கம் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தவள், "அவங்க வீட்ல யாராச்சும் இருக்காங்களா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் சார்ஜ் ஏற்றிய பேட்டரியை பைக்கில் வைத்துக் கொண்டுவந்தார். நாற்பது வயதிருக்கும். வேலை செய்த முறை எனக்குப் பிடித்திருந்தது. எதையும் கழற்றவில்லை, முதலில் மீட்டரை எடுத்து பேட்டரி டெர்மினலில் வைத்தார். எஞ்சின் ஓடாமல் 12.6 காட்டியது. நிரம்பிய பேட்டரிக்கு அது சரியான அளவு. ஸ்டார்ட் செய்தார். அது 13.8க்கும் 14.4க்கும் நடுவில் ஏற வேண்டும். ஏறவில்லை, 12.2க்கு இறங்கியது. இந்த ஒரு மீட்டரை அந்தக் கடைப் பையன் வைத்துப் பார்த்திருந்தால் எனக்கு நாலாயிரம் மிச்சம். பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார், தொய்வில்லை. ஒயர்களை இழுத்துப் பார்த்தார், இறுக்கமாக இருந்தன. பிறகு ஸ்பேனரின் பின்பக்கத்தால் ஆல்டர்னேட்டரை டொக் டொக் என்று லேசாகத் தட்டினார். டேஷ்போர்டில் விளக்கு அணைந்தது. மீட்டர் 14 காட்டியது. ஐந்தாறு வினாடியில் மறுபடி எரிந்தது.

"கார்பன் சார். ஒட்டிக்கிச்சு" என்றார். கழற்றிப் பிரித்தபோது உள்ளே காய்ந்த சேறு. "பெஞ்சல் புயல்ல வண்டி தண்ணில நின்னுச்சா?"

நின்றது. 2024 நவம்பர் 30 ராத்திரி கரையைக் கடந்த புயல் அது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் தெருவில் வண்டிச் சக்கரம் பாதி முழுகும் அளவுக்குத் தண்ணீர் இரண்டு நாள் நின்றது. ஆல்டர்னேட்டர் எஞ்சினில் கீழ்ப்பக்கமாக இருப்பதால் உள்ளே போயிருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்று நானும் சந்தோஷமாக இருந்துவிட்டேன். ஸ்பிரிங் தள்ளத் தள்ள கார்பன் முன்னால் நகர்ந்து சுற்றும் வளையத்தைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சேறு காய்ந்து அதை இறுக்கிவிட்டது. அந்தச் சேற்றில் உரசி உரசித் தேய்ந்தும் போயிருக்கிறது. சுண்டுவிரல் நகம் அளவு இருக்க வேண்டியது துவரம்பருப்பு அளவுக்கு இருந்தது. புயலில் வண்டி தண்ணீரில் நின்ற நம் மாவட்டத்து நண்பர்கள் ஒரு தடவை ஆல்டர்னேட்டரையும் செல்ஃப் மோட்டாரையும் பிரித்துச் சுத்தம் செய்துவிடுவது நல்லது.

வளையத்தை எமரி பேப்பரால் தேய்த்து, புதுக் கார்பனும் பேரிங்கும் போட்டு, கூலியோடு ஆயிரத்து நானூறு வாங்கினார். அதில் கார்பன் மட்டும் என்ன விலை என்று கேட்டேன். "நூத்தி எம்பது சார்" என்றார். நான் அப்படியே நின்றதைப் பார்த்து, விலை அதிகம் என்று நினைக்கிறேன் போலிருக்கிறது என்று நூற்றைம்பதாகக் குறைத்தார். வேண்டாம் என்று முழுசாகவே கொடுத்தேன்.

தேய்ந்த கார்பன் இரண்டையும் தீப்பெட்டியில் போட்டு வாங்கி வந்தேன். மேஜை டிராயரில் இருக்கிறது. புதுச்சேரிக்கு இரண்டு தடவை போய், அந்த டிரைவர் குடியிருந்த முத்தியால்பேட்டைத் தெருவில் விசாரித்தேன். பெண் ஒருத்தி லாஸ்பேட்டைப் பக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். இன்னும் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. போகத்தான் வேண்டும்.

காரை விற்கவில்லை. பகலில் மட்டும் ஓட்டுகிறேன். நான் சாவியைத் திருப்பும்போதெல்லாம் பக்கத்து சீட்டிலிருந்து என் மனைவி எட்டிப் பார்க்கிறாள்.

"எரியுது. ம்... அணைஞ்சுடுச்சு. எடுங்க."